கையில் லைசென்ஸ்... காலடியில் தரை! 150 மணி நேர ஹெலிகாப்டர் பைலட்டுக்கு வேலை எங்கே?

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் வரவேற்பது காற்றுதான். குடையை விரித்தால் குடை போகும். வேட்டி கட்டியவர் பாடு சொல்லவே வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே கணவாயாக இடம் விட, தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்துக்குள் புகுந்து வேகமெடுக்கிறது. முப்பந்தல் முழுக்கக் காற்றாலைகள் நிற்கக் காரணமும் அதுதான். அந்த மெஷின்களில் பலவும் முழுத் திறனோடு மின்சாரம் தயாரிக்க, மணிக்கு 45 கிலோமீட்டரை ஒட்டிய காற்று வேணும்.

இப்போ இன்னொரு கணக்கு. புதுசா ஹெலிகாப்டர் கத்துக்கிறவங்க உலகம் முழுக்க அதிகம் ஓட்டுவது ராபின்சன் ஆர்-22 என்ற குட்டி ஹெலிகாப்டர். ரெண்டே சீட். 1995-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் இதுக்கு ஒரு கட்டுப்பாடு போட்டது. தரைக்காற்று 25 நாட், அதாவது மணிக்கு சுமார் 46 கிலோமீட்டரைத் தாண்டினால், மொத்தம் 200 மணி நேரமாவது ஹெலிகாப்டர் ஓட்டி, அதில் 50 மணி நேரம் ஆர்-22-லேயே ஓட்டிய பைலட்தான் அதைக் கிளப்பலாம். ஆனால், கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க 150 மணி நேரம் போதும்!

அதாவது, காற்றாலைக்குக் கொண்டாட்டமான காற்றில், லைசென்ஸைப் பாக்கெட்டில் வைத்திருக்கும் புது பைலட் கீழே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 150-க்கும் அதற்கு மேலே கேட்கப்படும் எண்களுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஹெலிகாப்டர் கனவோடு பணம் கட்டுகிற பலரும் அந்தப் பள்ளத்தைப் பார்ப்பது, பணம் கட்டி முடித்த பிறகுதான்.

‘பொறவு என்ன மக்கா, எப்பம் வேலைக்குப் போற?’

லைசென்ஸ் வாங்கிட்டு ஊருக்கு வந்த பையனிடம் நாஞ்சில் நாட்டுச் சித்தப்பா ஒருவர் இப்படித்தான் கேட்பார்: “லைசென்ஸ் வாங்கியாச்சுல்லா? பொறவு என்ன மக்கா, எப்பம் வேலைக்குப் போற?” நியாயமான கேள்விதான். பஸ், லாரி என்றால் ஹெவி லைசென்ஸ் வாங்கின மறுவாரமே யாராவது ஒருத்தர் வண்டியைக் கொடுத்துவிடுவார். ஹெலிகாப்டரில் அப்படி நடப்பதில்லை.

இந்தியாவில் கமர்ஷியல் ஹெலிகாப்டர் பைலட் லைசென்ஸ் கொடுப்பது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். 18 வயது ஆகியிருக்கணும், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்கணும், முதல் வகுப்பு மருத்துவத் தகுதி வேணும். வானிலை, வழிகாணல், விமான விதிகள், தொழில்நுட்பம் எனத் தேர்வுகளோடு ரேடியோவில் பேசுவதற்குத் தனித் தேர்வும் உண்டு. கூடவே அந்த 150 மணி நேரப் பறப்பு. இவ்வளவும் முடித்தால் ‘சம்பளம் வாங்கிக்கொண்டு பறக்கச் சட்டப்படி தகுதி உண்டு’ என்று அர்த்தம். சம்பளம் கொடுக்க யாரோ காத்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

அமெரிக்காவில் வாடகை ஹெலிகாப்டருக்கு வெறும் கண்பார்வை விதிகளில் கேப்டனாகப் பறக்கவே சட்டம் 500 மணி கேட்கிறது. நிறுவனங்கள் அதற்கு மேலே போய் 1,000 கேட்பது அங்கே பழகிப்போன நடைமுறை. இந்தியாவில் உயர்நிலை லைசென்ஸான ஏ.டி.பி.எல். வாங்கவும் 1,000 மணி வேணும். உலகத்தில் எந்த மூலையில் விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த 1,000 என்கிற எண் எங்கேயாவது எட்டிப் பார்க்கும்.

மீதி மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கிட்டா என்ன?

வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டென வரும் யோசனை இது. ஒரு உதாரணத்துக்கு, சின்ன ஹெலிகாப்டர் ஒரு மணி நேரம் பறக்க 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 மணிக்கு 37.5 லட்சம். அங்கிருந்து 1,000-ஐத் தொட இன்னும் 850 மணி. அதற்கு 2 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வேணும்! இதைச் சொந்தக் காசில் செய்கிறவர் வேலை தேட வேண்டிய அவசியமே இல்லாதவர். ஆக, 151-வது மணியிலிருந்து உங்களுக்கு யாராவது ‘காசு கொடுத்து’ பறக்க வைக்கணும். இந்தத் தொழிலின் முடிச்சு மொத்தமும் இங்கேதான் விழுகிறது.

கடன் வாங்கிப் படிப்பவர்களுக்கு முடிச்சு இன்னும் இறுக்கம். கல்விக்கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஆதாரம் கேட்கும். நம்ம பக்கம் என்றால் அப்பா பெயரில் இருக்கும் வயல், தென்னந்தோப்பு, இல்லையென்றால் குடியிருக்கும் வீடு. படிப்பு முடிந்து ஒரு வருஷம் பொறுப்பார்கள். அப்புறம் தவணை ஓட ஆரம்பித்துவிடும். 40 லட்சம் கடன், 11 சதவிகித வட்டி, 10 வருஷம் என்று கணக்குப் போட்டால் மாதம் சுமார் 55,000 ரூபாய். நீங்கள் பறக்கிறீர்களா, வீட்டில் இருக்கிறீர்களா என்று தவணை விசாரிக்காது.

ஏன் இவ்வளவு கறார்?

‘புதுசுகளுக்கு வாய்ப்பே தர மாட்டாங்க’ என்று புலம்புவது சுலபம். எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடலாம்.

பெரிய விமானத்தில் புது பைலட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேப்டன் இருப்பார். ஓடுபாதை இருக்கும், ரேடார் இருக்கும். வாடகைக்கு ஓடும் ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டரில் பெரும்பாலும் ஒரே பைலட்தான். இறங்குவது பள்ளி மைதானமாக இருக்கலாம், மலை விளிம்பாக இருக்கலாம். மின்கம்பி எங்கே ஓடுகிறது, காற்று மலையின் எந்தப் பக்கம் கீழே அழுத்துகிறது, மேகம் மூட இன்னும் எத்தனை நிமிஷம் என்று எல்லாவற்றையும் அந்த ஒரே ஆள் முடிவு செய்யணும். முக்கியமாக, “இன்னிக்கு முடியாது சார், திரும்பிடலாம்” என்று பின்சீட்டு வி.ஐ.பி-யிடம் சொல்லும் தைரியம் வேணும். அது பாடப்புத்தகத்தில் வராது.

2021 டிசம்பர் 8-ஐ தமிழ்நாடு மறக்காது. சூலூரிலிருந்து வெலிங்டன் கிளம்பிய விமானப்படையின் எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்ததில், முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, பைலட்டுக்குத் திசை உணர்வு குழம்பியதே காரணம் என்று விமானப்படை விசாரணை சொன்னது. தேர்ந்த விமானப்படைக் குழுவுக்கே மலை மேகம் இப்படி என்றால், 150 மணி நேரக்காரரைத் தனியாக அனுப்ப எந்த முதலாளிக்கு மனசு வரும்?

கேதார்நாத் இன்னொரு உதாரணம். குப்தகாசி, பாட்டா, சேர்சி பக்கமிருந்து சீசனில் ஷட்டில் பஸ் மாதிரி ஹெலிகாப்டர்கள் பறக்கும். கோயில் இருப்பது 3,500 மீட்டருக்கும் மேலே. காற்று மெலிந்த உயரம், குறுகிய பள்ளத்தாக்கு, நிமிஷத்தில் இறங்கும் மூட்டம். 2022 அக்டோபரில் அங்கே ஒரு விபத்தில் 7 பேர் பலி. 2025 ஜூன் 15-ல் கவுரிகுண்ட் அருகே இன்னொரு விபத்தில் மறுபடி 7 பேர். ‘ஹெலிகாப்டர் வேலை நிறைய இருக்கே’ என்று வீடியோ பார்த்து நம்புகிறவர்கள், அந்த வேலைதான் புது பைலட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாதது என்பதைக் கவனிக்க மாட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியும் மணிக்கணக்கைப் பார்த்துத்தான் பிரீமியம் போடும். ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுக்கும் எண்ணெய் நிறுவனங்கள் ‘இத்தனை மணி அனுபவம் உள்ள பைலட்தான் வரணும்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடும். உங்களைப் பிடித்திருந்தாலும் மேனேஜரால் ஒன்றும் செய்ய முடியாத இடம் இது.

யூனிஃபார்ம் போட்ட போட்டியாளர்கள்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, கன்னியாகுமரிக் கடற்கரை மொத்தமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காணாமல்போன மீனவர்களைத் தேடிப் பறந்த ஹெலிகாப்டர்கள் கடற்படையுடையவை, கடலோரக் காவல்படையுடையவை, விமானப்படையுடையவை. நம்ம ஊர்ப் பிள்ளைகள் நெருக்கத்தில் பார்த்த ஹெலிகாப்டர் என்றால் பெரும்பாலும் இந்த யூனிஃபார்ம் ஹெலிகாப்டர்தான்.

வேலைச் சந்தையிலும் அதே கதை. ராணுவம், கடற்படை, விமானப்படையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் பல ஆயிரம் மணி நேர அனுபவத்தோடு வெளியே வருகிறார்கள். மலை, கடல், இரவு எல்லாம் பார்த்தவர்கள். அவர்களுக்குப் பயிற்சிச் செலவு செய்தது அரசாங்கம். தனியார் கம்பெனிக்கு இதைவிட வசதியான ஆள் கிடைப்பாரா?

‘சூரரைப் போற்று’ படத்துக்கு அடிப்படையான கேப்டன் கோபிநாத்தின் கதையிலேயே இது இருக்கு. படம் சொல்வது விமான கம்பெனி கதை. நிஜத்தில் அவர் முதலில் தொடங்கியது, 1997-ல் பெங்களூரில் ‘டெக்கான் ஏவியேஷன்’ என்ற வாடகை ஹெலிகாப்டர் கம்பெனி. கோபிநாத் முன்னாள் ராணுவ அதிகாரி. அவருக்குத் தோள் கொடுத்தவர்களும் முன்னாள் ராணுவ பைலட்கள். இந்திய சிவில் ஹெலிகாப்டர் துறை பிறந்ததே அந்தப் பழக்கத்தில்தான்.

சந்தையின் அளவையும் பாருங்கள். இண்டிகோ என்ற ஒரே விமான நிறுவனத்திடம் 400-க்கும் மேற்பட்ட விமானங்கள் இருக்கு. இந்தியா முழுக்க சிவில் ஹெலிகாப்டர்கள் மொத்தமே சில நூறுதான். ‘பைலட்களுக்குக் கடும் தட்டுப்பாடு’ என்று நீங்கள் வாசிக்கும் செய்தி பெரும்பாலும் விமான பைலட் பற்றியது. பயிற்சிப் பள்ளி விளம்பரங்கள் அந்தச் செய்தியைக் காட்டி ஹெலிகாப்டர் சீட் விற்பதுதான் எனக்குக் கோபம் வரும் இடம்.

அமெரிக்காவில் ஏணி இருக்கு, விசா இல்லை

அமெரிக்காவில் இந்தப் பள்ளத்தைத் தாண்ட ஒரு பழைய ஏணி உண்டு. படித்த பள்ளியிலேயே பயிற்சியாளர் ஆவது. மாணவர் கட்டும் காசில் உங்கள் லாக்புக்கில் மணி ஏறும். 1,000 வந்ததும் கிராண்ட் கேன்யன் சுற்றுலா ஹெலிகாப்டர், மெக்சிகோ வளைகுடா எண்ணெய்த் தளங்கள், அப்புறம் ஏர் ஆம்புலன்ஸ் என்று மேலே போவார்கள். ஆர்-22-ல் பயிற்சி கொடுக்கவே 200 மணி ஹெலிகாப்டர் அனுபவம் வேணும் என்பது அங்கே நீண்டகால விதி. அதனால் 150-ல் நிறுத்திவிட்டு வருகிறவர், ஏணியின் முதல் படியைக்கூடத் தொடாமல் வருகிறார்.

இந்தியாவில் அந்த ஏணியைப் போடவே இடமில்லை. பெங்களூரில் எச்.ஏ.எல். நடத்தும் ரோட்டரி விங் அகாடமி மாதிரி விரல் விட்டு எண்ணும் இடங்கள்தான் சிவில் ஹெலிகாப்டர் பயிற்சிக்கு உண்டு. அங்கே பயிற்சியாளர் நாற்காலிக்குப் போட்டியிடுவதும் முன்னாள் படைவீரர்களே.

‘அப்போ அமெரிக்காவுக்கே போயிடலாம்’ என்றால், விசாவைப் படிக்கணும். தொழிற்பயிற்சிக்கான எம்-1 விசாவில் படிப்புக்குப் பிறகு வேலைப் பயிற்சி அதிகபட்சம் 6 மாதம். எஃப்-1 விசாவில் பொதுவாக ஒரு வருஷம். 200-லிருந்து 1,000-க்குப் போக அந்தக் காலம் போதுமா என்பது, பள்ளியில் எத்தனை மாணவர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஊர் திரும்பினால் வெளிநாட்டு லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்ற டி.ஜி.சி.ஏ. தேர்வுகள் தனியாகக் காத்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் அங்கிருந்துதான். நெவாடாவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ்’ ஒரு காலத்தில் அமெரிக்காவின் மிகப்பெரிய ஹெலிகாப்டர் பள்ளிகளில் ஒன்று. ஹோட்டல் ஹாலில் கூட்டம் போட்டு, ஆளுக்கு 70,000 டாலரை ஒட்டிய கட்டணத்தைக் கடனாக ஏற்பாடு செய்து, மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். 2008 பிப்ரவரி 3, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையை மூடிவிட்டார்கள். பாதியில் நின்ற மாணவர்கள் 2,000-க்கும் மேல். பள்ளி திவாலானது. கடன் மாணவர்கள் பெயரில் அப்படியே இருந்தது.

அரக்கோணம் வழி

செலவில்லாமல் மணிக்கணக்கு சேர்க்கும் இடம் நம்ம மாநிலத்திலேயே இருக்கு. அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளம். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இங்கேதான். கடலோரக் காவல்படை பைலட்களும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். 2024 ஜூன் 7-ல் இங்கே தேர்ச்சி பெற்ற அனாமிகா பி. ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட் ஆனார். ராணுவத்தில் அதற்கு முன்பே, 2022-ல், கேப்டன் அபிலாஷா பராக் ராணுவ விமானப் பிரிவின் முதல் பெண் போர் விமானியாக வந்துவிட்டார். எனவே ‘பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாமா’ என்கிற வீட்டுப் பேச்சுக்கு பதில் தயாராக இருக்கு.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் என்.டி.ஏ., டிகிரி முடித்ததும் சி.டி.எஸ்., விமானப்படைக்கு ஆஃப்கேட் தேர்வு, கடலோரக் காவல்படைக்கு உதவி கமாண்டன்ட் தேர்வு என்று வாசல்கள் உண்டு. ஆஃப்கேட் வருஷத்துக்கு இரண்டு முறை வரும். பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24. டி.ஜி.சி.ஏ. கமர்ஷியல் லைசென்ஸ் கையில் இருந்தால் 26 வரை தளர்வு உண்டு. 150 மணியோடு வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பலருக்கு இந்தத் தளர்வு இருப்பதே தெரியாது.

ஆனால் ஒரு விஷயம். பைலட் திறனறியும் கணினித் தேர்வை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுதலாம். தோற்றால் அதே தேர்வுக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது. விமானப்படையில் தேர்வானாலும் போர் விமானமா, போக்குவரத்து விமானமா, ஹெலிகாப்டரா என்று முடிவு செய்வது அவர்கள்தான். குறுகிய காலப் பணி என்று பெயர், பறக்கும் பிரிவில் அது 14 வருஷம்! மணி சேர்க்க மட்டும் போய்விட்டு வரலாம் என்று நினைக்கிறவர்களுக்கு அது சரிப்படாது. அந்த வாழ்க்கையே பிடித்திருக்கணும்.

என்னைக் கேட்டால் வரிசை இப்படித்தான் இருக்கணும்: வயது வரம்பு உள்ள வாசலை முதலில் தட்டுங்கள். அது திறக்காவிட்டால், அப்புறம் வீட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேசலாம். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். 27 வயதில், கடனோடு, ‘படையில் சேர வழி இருக்கா’ என்று தேடுகிறார்கள்.

இடது பக்க சீட்

சிவில் பக்கமே போவது என்று முடிவு செய்துவிட்டால், குறி வைக்க வேண்டியது இரண்டு பைலட் தேவைப்படும் ஹெலிகாப்டரை. கேப்டனுக்குப் பக்கத்தில் துணை பைலட். ஹெலிகாப்டரில் கேப்டன் வழக்கமாக உட்காருவது வலது பக்கம், துணை பைலட் இடது பக்கம். விமானத்துக்கு நேர் எதிர்.

மும்பைக் கடலில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய்த் தளங்களுக்குத் தினமும் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர்கள் ஜுஹு தளத்திலிருந்து கிளம்புகின்றன. அரசு நிறுவனமான பவன் ஹன்ஸ், தனியாரில் குளோபல் வெக்ட்ரா, ஹெலிகோ போன்றவை இந்த வேலையில் இருப்பவை. பெல் 412, டாஃபின், ஏ.டபிள்யூ.139 என எல்லாம் இரட்டை இன்ஜின் ரகம். நமக்கு அருகே லட்சத்தீவிலும், அந்தப் பக்கம் அந்தமானிலும் பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர்கள் தீவுகளுக்கு இடையே பறக்கின்றன. குறைந்த மணி நேரக்காரர் அனுபவமுள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து வளரக்கூடிய இடங்கள் இவை. சீட்டுகள் குறைவு, அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும்.

அந்த அறிவிப்பு வரும்போது கூட்டத்தில் உங்களைத் தனியாகக் காட்டுவது என்ன? முதலில், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். கடல் வேலைக்கு இது தங்கம். அடுத்து, தண்ணீருக்குள் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பிக்கும் பயிற்சி. நீச்சல் குளத்தில் ஒரு கூண்டுக்குள் பெல்ட் போட்டு உட்கார வைத்து, தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். மூச்சை அடக்கி, ஜன்னலைத் தள்ளி, வெளியே வரணும். குளச்சல், முட்டம் பக்கம் கடலில் குதித்து வளர்ந்தவர்களுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கலாம்.

குறிப்பிட்ட ரக ஹெலிகாப்டரை ஓட்டும் டைப் ரேட்டிங்கை சொந்தக் காசில் முன்கூட்டியே போட்டு வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வேலை உறுதி இல்லாமல் செய்வது பெரிய சூதாட்டம். நீங்கள் ஒரு ரகத்தில் போட்டிருப்பீர்கள், அறிவிப்பு இன்னொரு ரகத்துக்கு வரும்.

காத்திருக்கும் காலத்தில்...

லைசென்ஸ் பீரோவில் இருந்தாலும் வயதாகும். மருத்துவத் தகுதியை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். நேர்காணலில் ‘மொத்தம் எவ்வளவு’ என்பதோடு ‘கடைசி ஆறு மாதத்தில் எவ்வளவு’ என்றும் கேட்பார்கள். இரண்டு வருஷம் பறக்காமல் இருந்தவரின் 150 மணி, அறிவிப்பில் செல்லும், ஆனால் கேப்டன் மனசில் செல்லாது. அதனால் மாதம் ஒரு மணி நேரமாவது பறக்கக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைக்காமல் பயிற்சிக்கே கிளம்பாதீர்கள்.

ஹெலிகாப்டர் கம்பெனிகளில் தரை வேலைகள் உண்டு. பறப்புத் திட்டம் போடுவது, பாதுகாப்பு ஆவணங்கள், எரிபொருள் கணக்கு, ஹெலிபேட் மேலாண்மை. ‘பைலட் படிச்சுட்டு இதைச் செய்றதா?’ என்று கௌரவம் பார்க்காதீர்கள். சின்னத் துறை இது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு துணை பைலட் இடம் காலியானால், நூறு மின்னஞ்சல்களுக்கு முன்னால் மேனேஜருக்கு நினைவு வருவது, தினமும் காலையில் வானிலை அறிக்கையோடு எதிரே நிற்கும் முகம்தான்.

செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. லாக்புக்கில் பேனாவால் மணி ஏற்றுவது. 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்தவர்கள், பறக்காத மணியைப் பறந்ததாகக் காட்டியவர்கள் என அடுத்தடுத்து வெளியே வந்து, பைலட்கள் கைதாகி, டி.ஜி.சி.ஏ. ஆயிரக்கணக்கான லைசென்ஸ்களைத் தோண்டித் துருவியது. ஹெலிகாப்டரின் பராமரிப்புப் புத்தகத்திலும் மணிக்கணக்கு தனியாக இருக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பொய் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ட்ரோன் பற்றி ஒரு வார்த்தை. காற்றாலை இறக்கைகளில் விரிசல் பார்ப்பதை இப்போது ட்ரோன்களும் செய்கின்றன. 2021 ட்ரோன் விதிகளின்படி பத்தாம் வகுப்பு தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பயிற்சி எடுத்து ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கலாம். ஆரல்வாய்மொழிக்காரருக்கு வாசலிலேயே இருக்கும் தொழில். ஆனால் அந்த மணிகள் ஹெலிகாப்டர் லாக்புக்கில் ஒரு நிமிஷம்கூடச் சேராது. காத்திருக்கும் காலத்துக்குச் சாப்பாடு போடும், அவ்வளவுதான்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

முதல் செலவு பள்ளிக் கட்டணம் இல்லை, மருத்துவப் பரிசோதனை. நிறக்குருடு மாதிரி ஒரு விஷயம் பாதி லட்சங்கள் கட்டிய பிறகு தெரிய வந்தால் தாங்க முடியாது. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு என முடித்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்து பள்ளி. அது டி.ஜி.சி.ஏ. அங்கீகாரப் பட்டியலில் இருக்கா என்று நீங்களே இணையதளத்தில் பாருங்கள், அவர்கள் அனுப்பும் பி.டி.எஃப்-ஐ நம்ப வேண்டாம். கடைசி இரண்டு பேட்ச் மாணவர்களின் தொடர்பு கேளுங்கள். ‘எல்லாரும் நல்லா செட்டில் ஆயிட்டாங்க சார்’ என்ற பதில் போதாது. எந்தக் கம்பெனி, எந்த ரகம், எந்த மாதம் சேர்ந்தார்கள் என்று அவர்களிடமே பேசிக் கேளுங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கேட்டால் மாட்டேன் என்று சொல்லுங்கள். பறந்த மணிக்குப் பணம், அதுதான் நியாயமான ஏற்பாடு. அங்கேயே பயிற்சியாளராகச் சேர வாய்ப்பு உண்டு என்று சொன்னால், இப்போது இருக்கும் பயிற்சியாளர்களில் எத்தனை பேர் அங்கே படித்தவர்கள் என்று கேளுங்கள்.

போனில் பேசி முடிவு செய்யாமல் ஒரு நாள் நேரில் போங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், கையெழுத்துப் போடப்போவது அவர்தானே. வரவேற்பறை ஏ.சி-யில் உட்கார்ந்து பிரசன்டேஷன் பார்ப்பதற்கு முன்னால் ஹேங்கர் பக்கம் நடந்து, வேலை செய்துகொண்டிருக்கும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: “அண்ணே, இன்னிக்குக் காலையில எத்தனை ஹெலிகாப்டர் பறந்துச்சு?”